சட்டையைப் பெரிதாக வாங்கலாம், மூக்குக்கண்ணாடியை வாங்கலாமா?



பள்ளி திறக்கும் காலத்தில் நாம் பட்டணத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டையும் காலணியும் வாங்குகிறோம். அப்போது கடைக்காரரிடம் நாம் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "வளர்ற பிள்ளைங்க, ஒரு அளவு பெருசாவே குடுங்க." சட்டை விஷயத்தில் அது நல்ல யோசனைதான். நீளமான கால்சட்டையை மடித்துத் தைத்துக் கொள்ளலாம். காலணியின் முனையில் கொஞ்சம் பஞ்சை வைத்துக் கொள்ளலாம். செம்பனைக் காட்டில் வெயிலிலும் மழையிலும் உழைத்து வாங்கும் சம்பளத்தை இப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தால்தான் குடும்பம் ஓடும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே யோசனையை மூக்குக்கண்ணாடி வாங்கும்போதும் காட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒரு மாணவிக்கு நான் ஒரு பிழை செய்துவிட்டேன். என்னைப் போல் நீங்களும் செய்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பைக்குள் கிடந்த கண்ணாடி

எங்கள் தோட்டத்து ஆலய மண்டபத்தில் வாரத்தில் மூன்று மாலைகள் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே வரும் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டாம் படிவம் படிப்பவள். பெயர் வேண்டாம். வயது பதினான்கு. ஆரம்பப் பள்ளியில் என்னிடம் படித்தவள்தான். கணக்கில் கெட்டிக்காரி. ஒடிசலான உடம்பு, வெற்றிலை போல் ஒடுங்கிய சிறு முகம்.

அவளுக்குத் தூரத்தில் உள்ளது தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா சம்பள நாள் கழித்துப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்ற சலுகையில் 199 வெள்ளி. கறுப்பு நிறத்தில் பெரிய சதுரக் கண்ணாடி. "பெருசா இருந்தா ரெண்டு மூணு வருஷம் போடலாம்" என்று அப்பாவே தேர்ந்தெடுத்தாராம்.

முதல் வாரம் போட்டுக்கொண்டு வந்தாள். குனிந்து எழுதும்போது கண்ணாடி நழுவும், விரலால் மேலே தள்ளுவாள், மறுபடி நழுவும். இரண்டாம் வாரத்தில் கழற்றி மேசை மேல் வைத்தாள். பிறகு அது பையை விட்டு வெளியே வரவே இல்லை. பலகையில் எழுதியதைப் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக் காப்பியடித்தாள். ஒரு நாள் ஏழை ஒன்றென்று எழுதி, கணக்கு முழுவதும் தப்பாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது கேட்டேன்: "ஒங்க அப்பா மாசம் முழுக்கக் குலை வெட்டி வாங்கிக் குடுத்தது, பைக்குள்ள பூட்டி வைக்கத்தானா?"

அவள் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். "சார், அவ சோம்பேறித்தனத்துல கழட்டல. போட்டா அரை மணி நேரத்துல தலைவலிக்குதுங்குறா. மூக்கைப் பாருங்க சார், புண்ணு மாதிரி ஆயிருச்சு. அப்பாகிட்ட சொன்னா காசு வீணாப் போச்சேன்னு வருத்தப்படுவாருன்னு சொல்லாமலே இருந்திருக்கா. நீங்களும் ஏசுனதும் படிப்பே வேணாங்குறா" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. ஆசிரியர் பயிற்சியில் பிள்ளையின் மனத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் மூக்கில் இருந்த இரண்டு சிவந்த தழும்புகளை நான் பார்க்கவில்லை.

கம்பியில் இருக்கும் மூன்று எண்கள்

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். காதில் மாட்டும் கம்பியின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் 54, ஒரு சிறு சதுரக் குறி, 18, பிறகு 145 என்று அச்சடித்திருந்தது. உங்கள் வீட்டில் கண்ணாடி இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கண்ணாடிகளில் இப்படி மூன்று எண்கள் இருக்கும். சிலவற்றில் மூக்கின் மேல் வரும் இடத்தில் இருக்கும். இவை விலையுமல்ல, பவருமல்ல. மில்லிமீட்டரில் கொடுத்த அளவுகள்.

முதல் எண், ஒரு வில்லையின் அகலம். இரண்டாவது, இரண்டு வில்லைகளுக்கும் இடையே மூக்கின் மேல் உட்காரும் பகுதியின் அகலம். மூன்றாவது, காதுக்குப் போகும் கம்பியின் நீளம். சட்டைக்கு எண் இருப்பது போல, காலணிக்கு எண் இருப்பது போல, கண்ணாடிக்கும் எண் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கேட்பதில்லை. கடைக்காரரில் பலரும் சொல்வதில்லை.

54 என்பது நல்ல அகலமான முகமுள்ள பெரியவர்கள் அணியும் அளவு. ஒடுங்கிய முகமுள்ள பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 44 முதல் 48 வரை உள்ள வில்லையே பொருந்தும். கம்பியும் 125 முதல் 135 வரை இருந்தால் போதும். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது அவளுடைய அப்பாவின் முகத்துக்கு ஏற்ற கண்ணாடி.

நடுப்புள்ளி எங்கே?

கண்ணாடி பெரிதாக இருந்தால் நழுவும், பார்ப்பதற்கு நன்றாக இராது. அவ்வளவுதானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவளையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு தெலுக் இந்தானில் வேறொரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த கண் பரிசோதகர் பொறுமையாக விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது.

ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டு. அந்தப் புள்ளி நம் கருவிழியின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மற்றக் கருவிழியின் நடு வரை உள்ள தூரத்தைக் கடைக்காரர்கள் சுருக்கமாகப் பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 60 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு அளந்தபோது 57 வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவள் அணிந்திருந்த சட்டத்தில் வில்லையின் அகலம் 54, மூக்குப் பகுதி 18. இரண்டையும் கூட்டினால் 72. ஒரு வில்லையின் நடுவிலிருந்து மற்ற வில்லையின் நடு வரை உள்ள தூரம் இதுதான். அவளுடைய கண்களுக்கு வேண்டியதோ 57. வித்தியாசம் 15. ஆகவே ஒவ்வொரு வில்லையின் நடுப்புள்ளியையும் ஏழரை மில்லிமீட்டர் உட்புறமாகத் தள்ளி வைத்து வெட்டியிருக்க வேண்டும்.

வில்லை முதலில் வட்டத் தட்டாகத்தான் வருகிறது. சட்டத்துக்கு ஏற்ற வடிவில் அதை வெட்டுகிறார்கள். பெரிய சட்டத்தில் நடுப்புள்ளியை இவ்வளவு உள்ளே தள்ளினால் வெளி ஓரத்துக்கு வட்டம் போதாமல் போய்விடும். துணி போதாதபோது தையற்காரர் என்ன செய்வார்? முடிந்தமட்டும் இழுத்துப் பிடித்துத் தைப்பார். இதுவும் அப்படித்தான். கருவியில் வைத்துப் பார்த்தபோது அவளுடைய கண்ணாடியில் இரண்டு நடுப்புள்ளிகளுக்கும் இடையே 66 மில்லிமீட்டர் இருந்தது. அதாவது ஒவ்வொரு கண்ணும் நாலரை மில்லிமீட்டர் தள்ளிய இடத்தின் வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தது.

நாலரை மில்லிமீட்டர் ஒரு நெல்லின் நீளம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நடுப்புள்ளியை விட்டு விலகியதும் வில்லை, பட்டகக் கண்ணாடி போல் ஒளியை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. பவர் ஏற ஏற இந்தச் சாய்வும் ஏறும். அவளுக்கு மைனஸ் மூன்றரை. கண்கள் இரண்டும் சற்று வெளிப்புறமாகத் திரும்பினால்தான் காட்சி ஒன்றாகச் சேரும் என்ற நிலை. நாள் முழுதும் கண்ணின் தசைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் தலைவலிக்காமல் என்ன செய்யும்?

அதோடு எடையும் சேர்ந்துகொண்டது. கிட்டப்பார்வைக்கான வில்லை நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருக்கும். சட்டம் பெரிதானால் ஓரமும் தடிக்கும். அவளுடைய பவருக்கு அந்தப் பெரிய சட்டத்தில் நடுப்புள்ளியைச் சரியாக வைத்துச் செய்திருந்தால், சாதாரணப் பிளாஸ்டிக் வில்லையின் வெளி ஓரம் சுமார் 6 மில்லிமீட்டர் தடித்திருக்கும். பொருத்தமான சிறிய சட்டத்தில் நாலரைக்குள் அடங்கிவிடும். சிறிய சட்டம் வாங்கினால் அதிக விலை கொடுத்து மெல்லிய வில்லை வாங்கும் அவசியமும் பலருக்கு இராது. பெரிதாக வாங்கினால் லாபம் என்று நினைக்கிறோம். உண்மையில் சிறிதாக வாங்குவதில்தான் லாபம் இருக்கிறது.

"ரெண்டு வருஷம் போடலாம்" என்ற கணக்கும் உதவாது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் பவர் ஏறிக்கொண்டே போவது சகஜம். வருடத்துக்கு ஒரு தரமாவது கண்ணைச் சோதிக்க வேண்டும். முகம் வளர்ந்து சட்டம் போதாமல் போகும் முன்பே வில்லையை மாற்ற வேண்டி வந்துவிடும். பிறகு பெரிய சட்டம் வாங்கி என்ன மிச்சம்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணின் அப்பா மெல்லச் சொன்னார்: "சட்டை பெருசா இருந்தா மடிச்சுத் தைக்கலாம் சார். இத எங்க மடிக்கிறது?"

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பட்டணத்துக்குப் பஸ் ஏறும் முன் பிள்ளையின் பள்ளிப் பையில் இருக்கும் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளை எடுத்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, முகத்தின் அகலம். பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணின் மட்டத்தில் இரண்டு பொட்டுகளிலும் இரண்டு தடித்த புத்தகங்களை லேசாகத் தொடும்படி நிறுத்துங்கள். புத்தகங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கட்டும். அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் முன்புற அகலம், ஓரத்திலிருந்து ஓரம் வரை, கிட்டத்தட்ட இதே அளவு இருக்க வேண்டும். ஒடுங்கிய முகத்துக்கு இது பெரும்பாலும் 130 மில்லிமீட்டருக்குக் கீழேதான் வரும்.

இரண்டாவது, கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரம். பிள்ளைக்கு எதிரே ஒரு முழம் தள்ளி அதே உயரத்தில் உட்காருங்கள். அடிக்கோலை அதன் புருவத்துக்குக் கீழே மூக்கின் மேல் படுக்கையாகப் பிடியுங்கள். உங்கள் வலக் கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் உங்கள் இடக் கண்ணைப் பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். அடிக்கோலின் பூஜ்யத்தைப் பிள்ளையின் வலக் கருவிழி நடுவுக்கு நேராக வையுங்கள். கையை அசைக்காமல் இடக் கண்ணை மூடி வலக் கண்ணைத் திறங்கள். பிள்ளை இப்போது உங்கள் வலக் கண்ணைப் பார்க்கட்டும். அதன் இடக் கருவிழியின் நடு எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறதோ அதுதான் அளவு. மூன்று தரம் அளந்து பாருங்கள்.

இது சட்டம் தேர்ந்தெடுக்க மட்டுமே. வில்லை வெட்டுவதற்குக் கடையில் கருவி வைத்து அளப்பார்கள். கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள்; அந்த எண்ணைப் பவர் எழுதிய சீட்டிலேயே குறித்துக் கொடுக்கும்படி கேளுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

முதலில் ஆளைப் பாருங்கள். நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டின் கண்ணாடித் தொழில் சட்டப்படி, கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவருடைய சான்றிதழைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்கும் கண்ணாடியைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

அடுத்து எண்ணைப் பாருங்கள். வில்லை அகலத்தையும் மூக்குப் பகுதி அகலத்தையும் கூட்டுங்கள். அந்தத் தொகை கருவிழித் தூரத்தை விட ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கான அடுக்கிலும் பெண்களுக்கான அடுக்கிலும் சிறிய அளவுகள் இருக்கும். பையனாக இருந்தால் அந்தப் பக்கம் போக வெட்கப்படுவான். "இதே மாடல்ல சின்ன அளவு இருக்கா?" என்று நீங்களே கேளுங்கள். ஒரே மாடல் இரண்டு அளவுகளில் வருவதுண்டு.

பிறகு மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் கண்ணாடியை முகத்துக்கு நேராகக் காட்டுவார். நீங்கள் பக்கவாட்டிலும் மேலிருந்தும் பாருங்கள். காதுக்குப் போகும் கம்பி, பொட்டைத் தொட்டும் தொடாமலும் நேராகப் போக வேண்டும். பொட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைந்தால் சட்டம் அகலம். கம்பி பொட்டில் அழுந்தி வெளியே வளைந்தால் சட்டம் குறுகல். கம்பி வளையும் இடம் காதின் மேல் வந்து சேரும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் பின்னால் போய் வளைந்தால் கண்ணாடி நழுவத்தான் செய்யும்.

கருவிழி வில்லையின் நடுவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குப் பக்கமாக ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்தச் சட்டம் வேண்டாம். இமை மயிர் வில்லையில் படக்கூடாது. சிரிக்கச் சொல்லுங்கள், சிரிக்கும்போது கன்னம் சட்டத்தைத் தூக்கக்கூடாது.

மூக்கைத் தனியாகக் கவனியுங்கள். நம் பிள்ளைகளில் சிலருக்கு மூக்குத் தண்டு எடுப்பாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். சிலருக்குத் தாழ்ந்து இருக்கும். இரண்டு வகைக்கும் உலோகக் கம்பியில் சிறு மெத்தைகள் வைத்த சட்டம் வசதியானது. அந்த மெத்தைகளை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம். முழுப் பிளாஸ்டிக் சட்டத்தில் மூக்குப் பகுதி வார்த்தபடியே இருக்கும். அது மூக்கின் இரு புறமும் ஒரே சீராகப் படிந்தால்தான் வாங்கலாம்.

கடைசியாக, கடைக்குள்ளேயே பிள்ளையைக் குனியச் சொல்லுங்கள். தலையை இரு புறமும் ஆட்டச் சொல்லுங்கள். காலணிக் கயிற்றைக் கட்டுவது போல் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது எல்லாக் கண்ணாடியும் நிற்கும். பிள்ளை எழுதும்போது நிற்பதல்லவா நமக்கு வேண்டும்?

சட்டம் பெரிதாக இருக்கும்போது கம்பியை உட்புறமாக வளைத்து இறுக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. சிறிய வித்தியாசத்துக்கு அது சரி. பெரிய சட்டத்தை அப்படிச் செய்தால் முன்பகுதி வளையும். காதின் பின்னால் வலிக்கும். நடுப்புள்ளி மட்டும் மாறவே மாறாது. கம்பியைச் சூடாக்கி வளைத்துச் சரிசெய்வது தேறியவர் செய்யும் வேலை. வீட்டு அடுப்பில் காட்ட வேண்டாம்.

பிள்ளைக்கு வில்லை வாங்கும்போது முடிந்தால் பாலிகார்பனேட் வில்லையைக் கேளுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கை விட எளிதில் உடையாது. பந்து விளையாடும் பிள்ளைக்குக் கண்ணில் சில் பாயும் பயம் குறையும்.

பிள்ளைக்கும் ஒரு விருப்பம் உண்டு

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முகம் பெரிய விஷயம். "நாலு கண்ணு" என்று ஒருவன் சொன்னால் போதும், கண்ணாடி பைக்குள் போய்விடும். ஆகவே பொருந்தும் சட்டங்களாக மூன்றைத் தேர்ந்தெடுத்து மேசையில் வையுங்கள். அந்த மூன்றில் எது வேண்டும் என்று பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அளவை நீங்கள் பாருங்கள். அழகைப் பிள்ளை பார்க்கட்டும். தானே விரும்பி எடுத்த கண்ணாடியைப் பிள்ளை அவ்வளவு சீக்கிரம் கழற்றாது.

பவரைக் குறைத்துப் போடலாமா?

நம் தோட்டங்களில் இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. முழுப் பவரையும் போட்டால் கண் பழகிக் கெட்டுவிடும், கொஞ்சம் குறைத்துப் போடுவது நல்லது என்பார்கள். இதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்றில், கிட்டப்பார்வை உள்ள 94 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழுப் பவரும் மற்றதற்குச் சுமார் 0.75 பவர் குறைத்தும் கொடுத்து இரண்டு ஆண்டு கவனித்தார்கள். குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் சற்று அதிகமாக ஏறியது. ஆகவே கண் பரிசோதகர் எழுதிக் கொடுத்ததை நாமாகக் குறைக்க வேண்டாம். அதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்கு வெளியே வெளிச்சத்தில் பிள்ளைகளை விளையாட விடுவது கண்ணுக்கு நல்லது. தோட்டத்தில் அதற்குத் திடல் இல்லாமலா போயிற்று?

வாங்கிய பின்

புதுக் கண்ணாடி போட்ட முதல் சில நாட்கள் தரை ஏறி இறங்குவது போல் தோன்றலாம். அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் தலைவலி, மூக்கில் தழும்பு, காதின் பின்னால் வலி இருந்தால் கண்ணாடியோடு அதே கடைக்குத் திரும்பப் போங்கள். சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வாங்கிய கடையில் நிமிர்த்திக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். "வாங்கியாச்சு, இனி என்ன கேக்குறது" என்று கூச்சப்படாதீர்கள். நீங்கள் கொடுத்த காசில் அந்த வேலையும் அடக்கம்.

கண்ணாடியை இரண்டு கைகளாலும் கழற்றப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கையால் இழுத்துக் கழற்றினால் கம்பி அகன்று, பொருந்திய கண்ணாடியும் நாளடைவில் நழுவ ஆரம்பிக்கும். சட்டை நுனியால் காய்ந்தபடி துடைக்காமல், குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் விட்டுக் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கட்டும். மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் போட்டு வைக்க வேண்டாம். வேர்வையில் வழுக்கினால், காதின் பின்னால் மாட்டும் சிறு ரப்பர் கொக்கிகள் கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது நல்ல கண்ணாடிக்குத் துணையே தவிர, பெரிய கண்ணாடிக்கு மருந்தல்ல.

மறுபடியும் மண்டபத்தில்

அந்தப் பெண் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் வட்டமான சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கம்பியில் 46, 17, 130 என்று இருந்தது. 46-ம் 17-ம் கூட்டினால் 63. அவளுடைய 57-க்கு ஆறுதான் வித்தியாசம். இந்தக் கூட்டலை அவளே கடையில் மனத்தில் போட்டுச் சொன்னாள். அவளுடைய அப்பா சம்பளத்தில் இரண்டாவது முறை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம். முதல் முறையே எண்ணைப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போதே அவளிடம் சொன்னேன்: "அன்னைக்கு நான் ஏசுனது தப்பு, அம்மா. கண்ணாடி மேலதான் குத்தம், உன் மேல இல்ல." எல்லார் முன்னிலும் ஏசியதை எல்லார் முன்னிலும்தானே திரும்பப் பெற வேண்டும்? அவள் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பலகையைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். குனிந்து எழுதினாள், கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்தால், வாயைத் திறக்கும் முன் அதன் மூக்கைப் பாருங்கள். தழும்பு இருக்கிறதா, கண்ணாடி நழுவுகிறதா என்று பாருங்கள். பெற்றோர்களே, அடுத்த சம்பள நாளில் கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? கைப்பையில் பணத்தோடு ஓர் அடிக்கோலையும் போட்டுக்கொள்ளுங்கள். சட்டையைப் பெரிதாகவே வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் இன்றைய முகத்துக்கு வாங்குங்கள்.